கறுப்புக் கண்ணாடியும் காதுகுத்தும்

அன்று கடப்பாக்கத்தில், எங்கள் மாப்பிள்ளையின் குலதெய்வக் கோயிலில் இருந்தவர்கள் இவர்கள்: அருணகிரி என்கிற நான், என் மனைவி சின்னப்பொண்ணு, என் ஒரே தங்கை பிரபா, அவள் கணவன் ரமேஷ், ரமேஷின் தாயார் கன்னியம்மா, என் சித்தப்பா மகன் ஜெயக்குமார், காது குத்த வந்த ஆசாரி திருநாவுக்கரசு, படம் பிடிக்க வந்த பிரவின்குமார், காது குத்திக்கொண்ட குழந்தை கவியா. பந்தி நேரத்துக்கு வந்து சேர்ந்தவர்களை நான் சேர்க்கவில்லை. இன்று அதிகம் பேசுகிறவர்கள் அவர்கள்தான்.

பிரபாவுக்கும் எனக்கும் இருபது வயதுக்கு மேல் வித்தியாசம். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தவன் நான். கல்யாணமாகிப் பல வருஷம் கோயிலும் ஆஸ்பத்திரியுமாக அலைந்து அவள் பெற்ற குழந்தை கவியா. அந்தக் குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த மடியை யாரும் பங்காளிக்கு விட்டுக்கொடுத்ததில்லை.

எல்லாம் காதுகுத்துக்கு வைத்த பேனரில் ஆரம்பித்தது. மாமல்லபுரம் ரோட்டில் எனக்குச் சவுக்குக் கட்டை மண்டி இருக்கிறது. பேனருக்காக என்னைப் படம் எடுக்க பிரவின்குமார் அங்கே வந்தான்.

"அய்யா, கண்ண நல்லா தொறங்க."

"தொறந்துதான்டா கீது."

இன்னும் நாலைந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "சரி வுடுங்க, கம்ப்யூட்டர்ல தொறந்துக்கறேன்," என்று போய்விட்டான்.

அவன் திறந்துதான் விட்டான். பேனரில் இருந்த ஆள் நிமிர்ந்து, விழித்து, மிடுக்காக இருந்தான். என் முகத்திலோ மேல் இமைத் தோல் தொங்கிக் கிடந்தது. கீழ் இமையில் பை கட்டியிருந்தது. லோடு ஏற்ற வருகிற டிரைவர்கள் எல்லாம் "தூக்கமா அண்ணாத்த?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பேனரில் ஓர் ஆள், மணையில் வேறோர் ஆள் என்று ஜெயக்குமார் சிரிப்பதற்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

செங்கல்பட்டில் டாக்டர் ஜாக்குலின் என்னைச் சோதித்துவிட்டு, "பார்வைய மறைக்கற அளவுக்கு இல்லிங்க. இது அழகுக்குப் பண்றதுதான். சம்மதமா?" என்றார். சம்மதம் என்றேன்.

ஆப்பரேஷன் முடிந்த முதல் சில நாள் கண்ணாடியில் பார்த்தது என் முகமே இல்லை. இரண்டு கத்தரிக்காயை ஒட்டவைத்தது போல ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. சின்னப்பொண்ணு ஐஸ் துணி வைத்தாள்; உப்பைக் குறைத்தாள்; இரண்டு தலையணை போட்டு நிமிர்த்திப் படுக்கவைத்தாள். தையல் அரித்தபோது என் கை மேலே போனால் அதன்மேல் ஓர் அடி வைத்தாள். யார் கேட்டாலும், "ஆந்திரா போய்க்கீறாரு," என்று சொன்னாள். தையல் பிரித்தார்கள். ஊதா பச்சையாகி, பச்சை மஞ்சளானது. இமை ஏறிக்கொண்டே வந்தது. விசேஷத்துக்குப் போகலாம் என்றார் டாக்டர். காற்றுக்குக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும், குனியக் கூடாது, கொஞ்ச நாள் தண்ணீர் வடியும், பயப்பட வேண்டியதில்லை என்றார்.

அந்தத் தண்ணீர்தான் வினையாகிப் போனது. கடப்பாக்கத்துக் கடல்காற்று சவுக்குத் தோப்பைத் தாண்டி வந்து முகத்தில் அடித்தது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே இரண்டு கன்னத்திலும் தண்ணீர் வழிய, பட்டு வேட்டியோடு போய் மணையில் உட்கார்ந்தேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையோடு பிரபா வந்தாள். கன்னியம்மா குறுக்கே கையை நீட்டினார்.

"நில்லு பிரபா. மெட்ராஸ் ஐ."

"யாருக்குத்தே?"

"ஒங்க அண்ணனுக்குத்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுகினு கீறாரு, தண்ணி ஊத்திகினு கீது. வேற இன்னாவாம்? யாரும் அவரு கண்ணப் பாக்காதிங்க."

அதற்குப் பிறகு எல்லோரும் வேறு எங்கோ பார்த்தபடி என்னோடு பேசினார்கள். ரமேஷ் ஆலமரத்தைப் பார்த்து, "மச்சான், தப்பா எடுத்துக்காதிங்க," என்றான். ஆசாரி திருநாவுக்கரசு தன் ஊசியைப் பார்த்து, "நேரம் போவுது," என்றார். ஜெயக்குமார் மட்டும் நேரே என் பக்கத்தில் வந்து நின்றான். அவனும் அன்று பட்டு வேட்டியில்தான் வந்திருந்தான்.

"இன்னாத்துக்கு அண்ணாத்த பேஜாரு? நீ அப்படி ஓரமா ஒக்காரு. நானும் மாமன் மொறதானே, நான் வெச்சுக்கறேன்."

சின்னப்பொண்ணு என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். "மெட்ராஸ் ஐயில்லாம் இல்ல சம்மந்தி. கண்ணுல பொர. ஆப்பரேஷன் பண்ணிக்கீது."

"அப்ப சுத்தமா வேணாம்," என்றார் கன்னியம்மா. "கொழந்த கைய கால ஒதறும். அவரு கண்ணுல பட்டா யாரு பதில் சொல்றது?"

ஜெயக்குமார் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டினான். நான் எழுந்தால் அவன் உட்கார்ந்துவிடுவான். ஒட்டுகிற நோய் என்றாலும் மடி போகும்; புரை என்றாலும் போகும். நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"சம்மந்தியம்மா, நல்லா பாருங்க. செவப்பு கீதா? பூள கீதா? நோயும் இல்ல, பொரையும் இல்ல. செங்கல்பட்டுல எமைய வெட்டித் தச்சுகினு வந்துகீறேன். அழகுக்கு."

பிரவின்குமார் கேமராவை இறக்கினான். ஜெயக்குமார் சிரித்தான்.

"இந்த வயசுலயா? எந்தப் படத்துல நடிக்கப் போற?"

"இந்தப் படத்துல," என்று கேமராவைக் காட்டினேன். "என் தங்கச்சி இத்தினி வருஷம் கழிச்சுப் பெத்த கொழந்த. அத மடில வெச்சுகினு தூங்குமூஞ்சியா ஒக்காரச் சொல்றியா?"

பிரபா மாமியாரின் கையை மெல்ல விலக்கிவிட்டு வந்தாள். அன்று என் கண்ணை முதலில் நேராகப் பார்த்தவள் அவள்தான். இமையோரத்துக் கோட்டையும், மஞ்சள் மிச்சத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.

"பேனர்ல கீற மாதிரியே கீற அண்ணா," என்று குழந்தையை என் மடியில் வைத்தாள்.

ஜெயக்குமார் அங்கவஸ்திரத்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினான்.

ஊசி இறங்கியதும் கவியா வீறிட்டு, மொட்டைத் தலையைப் பின்னால் வீசினாள். வருவதை நான் பார்த்தேன். முதுகை நிமிர்த்தி முகத்தை விலக்கி, உள்ளங்கையில் அந்தத் தலையைத் தாங்கினேன். மறு காதும் முடிந்தது. அழுகை ஓய்ந்ததும் அவள் திரும்பி, பிஞ்சு விரலால் என் மேல் இமையைத் தொட வந்தாள். விரலைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். அந்தப் படம் இப்போது மண்டியில் மாட்டியிருக்கிறது. அதில் கம்ப்யூட்டர் வேலை ஒன்றும் இல்லை.

பந்தியில் கன்னியம்மா தாமே எனக்குப் பாயசம் கொண்டுவந்து வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தம் கண்ணுக்குக் கீழே இருந்த பையைத் தொட்டுக் காட்டி, "செங்கல்பட்டுல எங்க சம்மந்தி?" என்று கேட்டார். சொன்னேன்.

செய்யூர்ப் பக்கம் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. அருணகிரிக்குக் கண் தெரியாமல் போய்விட்டதாம். டாக்டர் கட்டாயப்படுத்தியதால் வேறு வழியில்லாமல் ஆப்பரேஷன் செய்துகொண்டாராம். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து எங்கள் ஆட்களே இதைச் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். என் பார்வையில் ஒரு குறையும் இருந்ததில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அழகுக்காகத்தான் செய்துகொண்டேன்.