கணக்கில் வராத வடை

அம்மாவுக்குத் தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு இருந்தது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். ஒரு வருடமாக அதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டே பருத்தி எடுக்கப் போய்வந்தாள். பொங்கல் முடிந்த வாரம் வலி தாங்க முடியாமல் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குடல் இறக்கம், ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் உடனே செய்ய முடியாதாம்.

"எண்பத்திரண்டு கிலோ இருக்கீங்க. இந்த எடையில தச்சா தையல் நிக்காது, மயக்க மருந்தும் சிரமம். எழுபத்தாறுக்குக் கீழ எறக்கிட்டு வாங்க. ரொம்ப நாளும் தள்ளாதீங்க. குடல் மாட்டிக்கிச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு கிலோதானே பிரியா? வாயக் கட்டுனா ஒரு மாசத்துல எறங்கிடும்."

சொன்னபடியே வாயைக் கட்டினாள். காலையில் ரெண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறு, அவ்வளவுதான். இரவில் ஒன்றும் கிடையாது. செவ்வாய், வெள்ளியில் அந்த இட்லியும் சோறும்கூட இல்லாமல் விரதம். நானும் அப்பாவும் சாப்பிடும்போது கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டவள். வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் அப்படியே பாதி வரியில் நின்று, பிள்ளைகள் சிரித்து, அதற்குப் பிறகு போகவில்லை. அம்மாவோடு காட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு நடந்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவேன். யார் என்ன சொன்னார்கள், யார் எப்படிச் சிரித்தார்கள், எல்லாம். மக்காச்சோள மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். வெளியூர் போனால் ஒயர் கூடையில் துண்டுக்கு அடியில் வைத்து எடுத்துப்போவேன். வீட்டில் விட்டுப் போனால் யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

மாசி பிறந்து நாலாம் நாள் அம்மா பருத்திக் காட்டில் மயங்கி விழுந்தாள். மடியில் கட்டியிருந்த பஞ்சின் மேலேயே சரிந்தாள். ரெங்கம்மாள் அக்கா ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள். இருபது வருடமாக அம்மாவோடு பக்கத்து வரிசையில் நிரை பிடித்து வேலை செய்பவள்.

"அடியே அம்பிகா, ஆபரேஷனுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துருவ போலருக்கே! ஒன் புருசனுக்கு வேற பொண்ணு பாக்கற வேலைய எனக்கு வெச்சுராத."

"பாரு, நல்லாப் பாரு. அந்த ஆளுக்கு எவ வருவா?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

மறுநாள் பெரம்பலூரில் எடை பார்த்தோம். எண்பத்தொன்றரை. அத்தனை பட்டினிக்கு அரைக் கிலோ. அம்மா எடை மிஷினில் இருந்து இறங்கி மறுபடியும் ஏறிப் பார்த்தாள். முள் அங்கேயேதான் நின்றது.

டாக்டர் எங்களை டயட்டீசியனிடம் அனுப்பினார். மூக்குக்கண்ணாடி போட்ட, வயது குறைந்த மேடம். சீட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறீங்க?"

"ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு கரண்டி சோறு. அவ்ளோதாங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க. சத்தியமாங்க. ராத்திரி அதுவும் கெடையாது."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சொல்றது நெசம்னா இந்நேரம் நாலு கிலோவாவது எறங்கிருக்கணும். உள்ளதச் சொன்னாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும். இல்லன்னா ஆபரேஷன இன்னும் ஆறு மாசம் தள்ளி எழுத வேண்டியதுதான்."

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. பொய்யே சொல்லாதவளைப் பொய் சொல்கிறாய் என்று சொன்னால் எப்படி இருக்கும்? முந்தின நாள் இரவுகூட அந்த வலியில் சுருண்டு கிடந்தாள். ஆறு மாதம் தள்ளினால்? அம்மா சொல்வது பொய் இல்லை, ஆனால் அது முழுசும் இல்லை என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். வழக்கம்போல் தொண்டை அடைத்தது. கூடையில் கையை விட்டு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"என்னம்மா இது?"

நான் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அந்த மேடம் வாய்விட்டு வாசித்துவிட்டார்.

"பதினோரு மணிக்குக் காட்டுக்காரம்மா டீயும் ஆளுக்கு ரெண்டு வடையும் கொண்டுவந்தது. ரெங்கம்மாள் அக்காவுக்குச் சுகர் என்பதால் அவள் பங்கு வடையும் அம்மாவுக்கு. நாலு மணிக்கு மறுபடி டீ, போண்டா ரெண்டு. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அப்பா மிச்சம் வைத்த குழம்புச் சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். கொட்ட மனசு வராது அவளுக்கு." அடுத்த பக்கம் திருப்பினார். "வெள்ளிக்கிழமை. அம்மா விரதம். டீ நாலு, வடை அஞ்சு, பொரிகடலை ஒரு மடி."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"டீ குடிக்கறதெல்லாம் சாப்பாடாங்க?" என்றாள் மேடத்திடம், மெதுவாக. "அந்தம்மா தூக்குல ஊத்திக் கொண்டாந்து நிக்கிது. வேணாம்னா, எங்க வூட்டு டீ ஆகாதான்னு கேக்கும். சோறு திங்கலைங்களே நானு."

மேடத்தின் முகம் மாறிவிட்டது. நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க பொய் சொல்லலம்மா. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். நீங்க சோத்த மட்டும் எண்ணிருக்கீங்க. ஒடம்பு எல்லாத்தையும் எண்ணும். சர்க்கர போட்ட டீ ஒண்ணு எண்பது கலோரி. ஒரு வடை நூத்தம்பது வரும். போண்டா அதுக்கும் மேல."

பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அம்மாவின் எடை, உயரம், வயது மூன்றையும் வைத்து ஒரு கணக்கு. ஒரு வேலையும் செய்யாமல் படுத்தே கிடந்தாலும், மூச்சுக்கும் இதயத்துக்கும் உடம்புச் சூட்டுக்கும் மட்டும் அம்மாவின் உடம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஆயிரத்து நானூறு கலோரி எரிக்குமாம். நின்ற இடத்தில் லாரி என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி. காட்டு வேலையும் சேர்ந்தால் ரெண்டாயிரத்தை ஒட்டி வரும்.

"அதனால ஆயிரத்தைந்நூறு சாப்பிடுங்க. வாரத்துக்கு அரைக் கிலோ எறங்கும். பட்டினி வேணாம். ரொம்பக் கொறச்சா ஒடம்பும் எரிக்கறதக் கொறச்சுக்கும், சதையும் கரையும், மயக்கமும் வரும். சோத்த விட்டுட்டு வடையத் தின்னதுக்கு, சோறே தின்னுருக்கலாம் நீங்க."

"சோறு திங்கலாமா?" அம்மாவின் குரல் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

"திங்கலாம். ஒரு கப்பு. கூட முட்டை, கீரை, பாசிப்பயறு."

பஸ்ஸில் அம்மா, மேடம் எழுதிய தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி," என்றாள் திடீரென்று. "நான் திங்கறதப் பாத்துக்கிட்டேதான் இருந்தியா?"

"அதுக்கில்லம்மா. எல்லாத்தையும் எழுதுவேன். அதுல அதுவும் இருந்துச்சு."

"மானம் போச்சு, அந்தப் பொண்ணு முன்னாடி." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்த நோட்டு இல்லன்னா ஆறு மாசம் தள்ளிருப்பாங்கல்ல?"

நான் தலையாட்டினேன்.

"இனிமே நீ பாத்து எழுத வேணாம். நானே சொல்றேன், எழுதிக்க."

அன்றிலிருந்து சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. காட்டில் பத்துப் பெண்கள் நடுவே எழுந்து, "பிரியா, டீ ஒண்ணு, சர்க்கர இல்லாம!" என்று கத்துவாள். எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். காட்டுக்காரம்மாவிடம் தானே போய் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா மறுநாளே அம்மாவுக்கு மட்டும் வடைக்குப் பதிலாகப் பயறு அவித்துக் கொண்டுவந்தது. தனியாக ஒரு சின்னத் தூக்குவாளியில், மூடி போட்டு. இதை எழுதும்போதும் அந்தத் தூக்குவாளியை நினைத்துக்கொள்கிறேன்.

"அப்ப என் வடைய நான் எங்கடி கொண்டுபோயிக் கொட்டுறது?" என்றாள் ரெங்கம்மாள் அக்கா.

"காக்காய்க்குப் போடு. அதுக்கு ஆபரேஷன் இல்ல."

வீட்டில் மிச்சச் சோற்றுக்கும் ஒரு வழி பிறந்தது. அரிசியை அரை டம்ளர் குறைத்துப் போட்டாள், மிச்சமே விழவில்லை. ஒரு வாரம் ஒன்றுமே இறங்கவில்லை, அம்மா அழுதாள். ஒரு கல்யாணத்தில் அதிரசம் தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் என்னைத் தேடி வந்து, "ஒண்ணு இல்ல, ரெண்டு, எழுது" என்றாள்.

வைகாசியில் எடை பார்த்தபோது எழுபத்தைந்து கிலோ எண்ணூறு. அம்மா இந்த முறை இறங்கி ஏறவில்லை. மிஷினைத் தொட்டுக் கும்பிட்டாள். டயட்டீசியன் மேடத்தைத் தேடிப் போய்ச் சொன்னோம். "நோட்டு எழுதுன கையக் குடு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் அம்மா சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

"எழுதிக்க. கஞ்சி ஒரு டம்ளர்." பிறகு என் கூடையைப் பார்த்தாள். "அந்தப் பழைய நோட்டு இருக்கா? மொதல்லருந்து வாசி. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"இங்கயா? எல்லாரும் இருக்காங்கம்மா."

"எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."

நோட்டை எடுத்தேன். அம்மா காத்துக்கொண்டிருந்தாள், கையில் டம்ளரோடு. மெதுவாக ஆரம்பித்தேன். இரண்டாவது பக்கத்தில் குரல் கொஞ்சம் தெளிந்தது. மயங்கி விழுவதற்கு முந்தின நாளுக்கு வந்தபோது அம்மா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அன்னைக்கு ரெங்கம்மா குடுத்தது வடை இல்லடி, போண்டா. மாத்து."

பேனாவை எடுத்து மாற்றினேன்.

"இப்பப் படி," என்றாள் அம்மா.