பாதி எழுதிய கேக்

அக்காவின் தலைக்குக் கதிர்வீச்சு பாய்ச்சி மூவாயிரத்து அறுநூற்று எழுபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. கணக்கு என்னுடையது. அவள் மறந்தேபோனாள்; அல்லது மறந்ததாகச் சொன்னாள்.

அவள் மூளையின் பின்பக்கத்தில் பிறவியிலேயே ரத்தக்குழாய்கள் நூல்கண்டுபோலச் சிக்கிக் கிடந்தன. கத்தி வைக்காமல், கதிரைக் குவித்து அவற்றை அடைத்தார்கள். மூன்றாம் வருடத்து ஸ்கேனில் சிக்கல் மறைந்திருந்தது. அன்று மாமா, அதாவது அக்காவின் கணவர், பேக்கரிக்கு வந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் கேக் கொடுத்தார். "பல வருஷம் கழிச்சுக்கூட அந்த இடத்துல வீக்கமோ நீர்க்கட்டியோ வரலாம். ஸ்கேனை விட்டுடாதீங்க" என்று டாக்டர் சொன்னது என் காதில் மட்டும்தான் விழுந்தது போலும். அக்கா நாலு வருடமாக ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. கட்டி வளர்ந்தால் பார்வை போகும், சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம் என்று நான் படித்திருந்தேன்.

மாமா கேக் சுடுவார். அக்கா க்ரீமால் பெயர் எழுதுவாள். கொஞ்ச நாளாக எழுத்துகள் எல்லாம் கேக்கின் வலது ஓரத்தில் நெருக்கியடித்து நின்றன. இடது பாதி மொட்டையாக இருந்தது.

"என்னம்மா, பாதி கேக்கை வாடகைக்கு விடப்போறியா?" என்றார் மாமா.

"இது புது டிசைன். அடுப்புகிட்ட நிக்கிறவங்களுக்குப் புரியாது."

"தினம் கதவுல மோதுறியே, அதுவும் டிசைனா?"

"உங்கப்பா தன் சைசுக்கு வெச்ச கதவு அது. மத்த மனுஷங்க போக வேண்டாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் இடித்துக்கொள்வதெல்லாம் இடது தோளில்தான்.

"அக்கா, ஒரு ஸ்கேன் எடுத்துடலாமே."

"வந்துட்டாங்கப்பா டாக்டரம்மா! தவளையை அறுத்துப் பட்டம் வாங்கினவ, இப்ப என் தலைக்கு வந்துட்டா."

எனக்கு வாதாட வராது. மறுநாள் செர்ரி டப்பாவை எடுத்து அவளுடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

"செர்ரி எங்கே? காலங்காத்தால முழுங்கிட்டீங்களா?" என்றாள் மாமாவிடம்.

"நான் என்ன எலியா?"

"எலி கொஞ்சமாத்தான் திங்கும்."

சிரித்துக்கொண்டே வந்த மாமா டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"கைகிட்டயே இருக்கும்மா."

அக்கா வலப்பக்கம் மேசையைத் துழாவினாள். பிறகு கழுத்தை முழுதாகத் திருப்பினாள். டப்பாவைக் கண்டாள்.

"இப்பத்தானே கொண்டுவந்து வெச்சீங்க? ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுறீங்களா?"

மாமா மாவுக் கையோடு அவள் தோளைப் பிடித்தார். அவள் க்ரீம் பையைக் கீழே வைத்தாள். அதன் நுனியைத் துடைத்தாள், இரண்டு முறை.

"இந்தப் பக்கம் தெரியலடி" என்றாள் என்னிடம். "ரெண்டு மாசமா."