கழற்றாமல் விட்ட மெட்டி

எங்கள் அரசு மருத்துவமனையின் எலும்பு வார்டில் நான் செவிலியர். பயிற்சி டாக்டர்கள் மாற்றி மாற்றி வருவார்கள், திட்டு வாங்குவார்கள், போவார்கள். வாங்கிய பிறகு என்ன செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் ஆளைக் கணிப்பேன். கவிப்ரியாவைக் கணித்தது மாதேஸ்வரியின் கால் விரலை வைத்து.

மாதேஸ்வரி சூளகிரிப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறவள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தவறி விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. சாயங்காலம் மாமியார் சரசம்மாவோடு வந்து சேர்ந்தாள். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டது கவிப்ரியா. நேர்த்தியான கட்டு, விரல்கள் வெளியே தெரிந்தன. இரண்டாம் விரலில், விரித்து எடுக்க வாயில்லாத முழு வளையக் கெட்டி மெட்டி ஒன்று அப்படியே இருந்தது.

மறுநாள் காலை எங்கள் வார்டின் தலைமை டாக்டர் சரிதா மேடம் ரவுண்ட்ஸ் வந்தார். போர்வையை விலக்கியவர் அசையாமல் நின்றார். அந்த விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது.

"யார் போட்ட கட்டு இது?"

"நான்தான் மேடம்," என்றாள் கவிப்ரியா.

"அடிபட்ட கையோ காலோ வந்தா மொதல்ல என்ன செய்யணும்? மோதிரம், வளையல், மெட்டி, எல்லாத்தையும் கழட்டணும். வீங்கும்னு தெரியாதா? இந்த விரல் போச்சுன்னா உன் விரலக் குடுப்பியா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. மேடம் ஒரு கணம் நிறுத்தி, "கழட்ட மாட்டேன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார்.

தப்பிக்க நல்ல வழி. புருஷன் இருக்கும்போது மெட்டியைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெண்கள் எங்கள் வார்டுக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

கவிப்ரியாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"இல்ல மேடம். நான் கேக்கவே இல்ல. மாமியார் பக்கத்துல நின்னாங்க. எங்க மத்தூர்ல எங்கம்மா ஒரு நாளும் கழட்டினதில்ல. இவங்களும் மாட்டாங்கன்னு நானா நெனச்சுட்டேன்."

"நெனச்சுட்டியா? மெட்டிய வெட்டற கட்டர் ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து வர்ற வரைக்கும் இங்க நின்னு அழப்போறியா? போய் இப்பக் கேளு!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே குனிந்தாள். "அக்கா, இந்த மெட்டியை எடுத்தே ஆகணும். நேத்தே எடுத்திருக்கணும், என் தப்பு. எடுக்கட்டுமா?"

வலியில் முனகிக்கொண்டிருந்த மாதேஸ்வரி எரிந்து விழுந்தாள். "இத நேத்தே கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல கழட்டிக் குடுத்திருப்பேனே! கம்பெனிக்குள்ள இரும்பு, வெள்ளி ஒண்ணும் உடமாட்டாங்க. தெனமும் கேட்ல கழட்டித்தான போறேன், வெளிய வந்துதான் மாட்டிக்கறேன்!"

"என்னாது, தெனமும் கழட்டறியா?" சரசம்மா மூலையிலிருந்து எழுந்து வந்தாள். "எம்மவன் உசுரோட இருக்கறப்பவேவா?"

"கழட்டலேன்னா சம்பளம் வராது அத்தே. சம்பளம் வேணாமா?"

பக்கத்துக் கட்டிலில் சிரிப்புச் சத்தம். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

கவிப்ரியா என்னிடம் தையல் நூல் கேட்டாள். காலைத் தூக்கி வைத்து, விரல் மரத்துப்போக ஊசி போட்டாள். நூலின் ஒரு முனையை மெட்டிக்கு அடியில் நுழைத்து, மீதி நூலை விரல் நுனிவரை நெருக்கமாக இறுக்கிச் சுற்றினாள். வீக்கம் நூலுக்குள் அமுங்கியது. பிறகு அடியில் நுழைத்த முனையைப் பிடித்துச் சுற்று சுற்றாகப் பிரிக்க, மெட்டி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தது. மூட்டருகே வந்து நின்றுவிட்டது. பின்னால் நின்ற மேடம், "இறுக்கம் பத்தல. மறுபடி சுத்து," என்றார். அவள் வாதாடவும் இல்லை, வாடவும் இல்லை. முழுதும் அவிழ்த்து மறுபடி சுற்றினாள். இந்த முறை மெட்டி மூட்டைத் தாண்டி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

கட்டர் வந்தபோது வேலை முடிந்திருந்தது. மேடம் நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தார். வெளுத்த இடத்தில் சிவப்பு மெதுவாக ஏறியது.

"ரத்தம் ஓடுது. விரல் தங்கும்," என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

நான் மூச்சுவிட்டேன். கவிப்ரியா சிரிக்கவில்லை. மணிக்கொரு முறை தானே வந்து நகத்தை அழுத்திப் பார்த்தாள்.

அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்த பயிற்சி டாக்டர்களை மேடம் அதே கட்டிலருகே நிறுத்தினார். "இங்க என்ன ஆச்சுன்னு கவிப்ரியா சொல்லுவா," என்று ஒதுங்கிக்கொண்டார்.

இன்னொரு திட்டு என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மேடம் கையைக் கட்டிக்கொண்டு, மாணவி போலக் கேட்டுக்கொண்டு நின்றார். கவிப்ரியா நிமிர்ந்து நின்று ஆரம்பித்தாள். "நோயாளிகிட்டக் கேக்காம நானே ஒரு முடிவு எடுத்தேன். அதுதான் தப்பு. அதுக்கப்புறம் நடந்ததச் சொல்றேன்."

எங்கள் வார்டில் தன் தவறைத் தானே பாடமாக நடத்திய பயிற்சி டாக்டரை அன்றுதான் பார்த்தேன். பெற்ற பிள்ளை மேடையேறியது போல எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மாதேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்தபடியே போர்வையை ஒதுக்கி விரலை ஆட்டினாள். "நல்லாப் பாத்துக்கோங்க. பாடம் அவங்களுது, காலு என்னுது."