நகராத பிஷப்

அலுவலகத்தில் அவளுக்குச் சிக்கனக்காரி என்று பட்டப்பெயர் வைத்தது அவளுடைய மேனேஜர்தான். காசு விஷயத்தில் அவள் அப்படியொன்றும் கெட்டி இல்லை. செருப்புக் கடைக்குள் நுழைந்தால் ரெண்டு ஜோடி இல்லாமல் வெளியே வரமாட்டாள். அவள் கை இறுக்கமெல்லாம் வேறு இடத்தில்.

டேப்லெட்டில் தெரியும் படத்தை வயரில்லாமல் டிவிக்கு அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றை அவர்கள் கம்பெனி செய்துகொண்டிருந்தது. திரையில் எதுவும் அசையாவிட்டாலும் அந்தப் பெட்டி அதே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பி, தானும் சூடாகி, வீட்டு வைஃபையையும் திணறடித்தது. சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும் ஆளை யாரால் தாங்க முடியும்? சிக்கனக்காரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். படத்தில் இருக்கும் புள்ளிகளின் வெளிச்சத்தையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாக வைத்துக்கொள்வது. அடுத்த படத்தின் கூட்டலும் அதே எண்ணாக வந்தால் படம் மாறவில்லை என்று அர்த்தம், அனுப்ப வேண்டாம். டிவி பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கட்டும். பெட்டிக்குள் இருந்த மலிவு சிப்புக்கு முழுப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை, ஒரு எண் என்றால் தாங்கும். பெட்டி குளிர்ந்தது. மேனேஜர் பூரித்துப் போனார்.

திங்கட்கிழமை ஒரு ப்ரொஜக்டர் கம்பெனிக்காரர்கள் அதை வாங்கலாமா என்று பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் வீட்டிலும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை பெட்டியை எடுத்து வந்திருந்தாள்.

வீட்டில் சோதனைக்கு ஆள் தயாராக இருந்தது. பஸ் டிரைவரான அவளுடைய அண்ணன் கணுக்கால் சுளுக்கிக்கொண்டு லீவு போட்டுவிட்டு, அண்ணியோடு வந்து தங்கையின் சோபாவை முழுசாக ஆக்கிரமித்திருந்தார். அவருக்கும் அவள் கணவனுக்கும் செஸ் என்றால் உயிர். கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அவன் டேப்லெட்டோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டான். அண்ணன் படுத்தபடியே டிவியைப் பார்த்து ஆட்டத்தை வாயால் சொன்னார். அவருக்கும் சேர்த்து இவனே காய்களை நகர்த்தினான்.

கொஞ்ச நேரம் எல்லாம் சுமுகமாகத்தான் போனது.

"ஆடுங்க மாப்ளே, எவ்வளவு நேரம்?" என்றார் அண்ணன்.

"ஆடி எப்பவோ ஆச்சு மச்சான். உங்க ஆட்டம்தான்."

"எங்க ஆடுனீங்க? எல்லாக் காயும் இருந்த இடத்துலயேதானே இருக்கு?"

"பிஷப்பை ஓரத்துக்குக் கொண்டுபோயிட்டேன். நல்லா பாருங்க. வேணும்னா நாளைக்குக் கடைக்கு வாங்க, ஒரு கண் டெஸ்ட் பண்ணிடலாம்."

"யாருக்குக் கண் டெஸ்ட்? மழையில, இருட்டுல பஸ் ஓட்டுறவன் நான்!" அண்ணன் எழப் பார்த்தார், கணுக்கால் விடவில்லை. "சரி, என் குதிரையை ராஜாவுக்கு முன்னாடி வைங்க."

கணவன் குதிரையை வைத்தான். டிவியில் குதிரையும் தாவியது, அதே நொடியில் பிஷப்பும் ஓரத்தில் முளைத்தது.

"பாத்தியாம்மா உன் வீட்டுக்காரரை!" அண்ணன் குரல் சமையலறை வரை போனது. "என் காயோட சேத்துத் தன் காயையும் நகர்த்துறாரு. பட்டப்பகல்ல திருட்டு!"

"நானா திருடன்? போன வாரம் ராணியை வெட்டுக் கொடுத்துட்டு, கை தவறிடுச்சுன்னு திருப்பி வாங்குனது யாரு?"

சிக்கனக்காரி வேகமாக வந்தாள். கணவன் பொய் சொன்னால் அவன் காது மடல் சிவக்கும், இப்போது சிவக்கவில்லை. அண்ணனோ கோபத்தில்கூட இல்லாததைச் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் கோளாறு மூன்றாவது ஆளான பெட்டியிடம்தான்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. பிஷப்பை மறுபடி நகர்த்துங்க."

நகர்த்தினான். டேப்லெட்டில் போயிற்று, டிவியில் அசையவில்லை. "இப்போ குதிரை." உடனே தெரிந்தது. மறுபடி பிஷப், கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அதென்ன, பிஷப் மேல மட்டும் உன் பெட்டிக்கு ஓரவஞ்சனை?" என்றார் அண்ணி, டீக்கோப்பைகளை வைத்தபடி.

அவள் கட்டங்களையே முறைத்துப் பார்த்தாள். பிஷப் குறுக்காகத்தான் போகும். வெள்ளைக் கட்டத்தில் நின்றால் வெள்ளைக் கட்டத்துக்குத்தான் போகும். ஒரு வெள்ளையைத் திறந்துவிட்டு அதே அளவு வெள்ளையை மூடும். எங்கே போய் நின்றாலும் கூட்டல் மாறாது! குதிரை அப்படியில்லை, ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறம் மாறிவிடும்.

பளாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என் கூட்டல்தான் திருடன்!"

"அப்போ நான் திருடன் இல்லையே?" என்றான் கணவன்.

"இல்ல."

"எனக்குக் கண்ணும் நல்லாத்தான் இருக்கு," என்றார் அண்ணன்.

"நல்லா இருக்கு சாமி. ரெண்டு பேரும் டீயைக் குடிங்க."

மறுநாள் முழுக்க அவள் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. புள்ளிகளை வெறுமனே கூட்டாமல், ஒவ்வொரு புள்ளியையும் அது இருக்கும் இடத்தின் எண்ணால் பெருக்கிக் கூட்ட வைத்தாள். இனி ஒரு காய் இடம் மாறினால் எண்ணும் மாறும். அதையும் மீறி ஏதாவது தப்பினால் இருக்கட்டும் என்று, அவ்வப்போது முழுப் படத்தையும் ஒருமுறை அனுப்பச் சொல்லி வைத்தாள். சோதனைக்கு மச்சானும் மாப்பிள்ளையும் போட்டி போட்டுக்கொண்டு பிஷப்பை அங்குமிங்கும் ஓட்டினார்கள். ஒவ்வொரு நகர்வும் டிவியில் டக்கென்று விழ, அண்ணன் கைதட்டினார். பிறகு ஒழுங்கான ஆட்டத்தில் மாப்பிள்ளையிடம் தோற்றார். சொல்லச் சாக்கு கிடைக்காததால், குஷனைச் சரியில்லை என்று திட்டினார்.

திங்கட்கிழமை ப்ரொஜக்டர் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாவும், பேசாத எஞ்சினியர் ஒருவரும் வந்தார்கள். அசையாத படம் திரையில் நிற்க, அனுப்பும் அளவைக் காட்டும் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

"ஹேங் ஆயிடுச்சா?" என்றார் அந்த அம்மா.

மேனேஜர் டேப்லெட்டில் பக்கத்தைத் தள்ளினார். புதுப் பக்கம் உடனே வந்து நின்றது.

"மாறவே இல்லேன்னா எதுக்குங்க அனுப்பணும்?" என்றாள் சிக்கனக்காரி.

எஞ்சினியர் முதன்முறையாக வாயைத் திறந்தார். "மாறலேன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

மேனேஜர் அவளைக் கண்ணால் கெஞ்சினார். அவளுக்கோ மூடி மறைக்கத் தோன்றவில்லை. முதலில் வெறும் கூட்டல் போட்டதையும், அதனால் வீட்டில் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் மூண்ட சண்டையையும் ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேனேஜரும் மூச்சு விட்டுச் சிரித்தார்.

எஞ்சினியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"ஒரு நிமிஷம்," என்று எழுந்தார். "எங்க ப்ரொஜக்டர்லயும் வெறும் கூட்டல்தான் ஓடுது."

கதவு சாத்துவதற்குள்ளேயே போனில் அவர் குரல் கேட்டது: "டேய், அங்க யாருக்காவது செஸ் ஆடத் தெரியுமா?"