பதினாறு வால்வு

அம்மாவுக்காகத்தான் எழிலரசி அந்தக் காரை வாங்கினாள். அவளுக்கு அரூர் தாலுகா அலுவலகத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவின் சிறுநீரகம் கெட்ட பிறகு வாரம் இரண்டு முறை தருமபுரி மருத்துவக் கல்லூரிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. போகும்போது அம்மா ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டு வருவாள். திரும்பும்போது பின்சீட்டில் சுருண்டு தூங்கிவிடுவாள்.

அம்மா போய் ஒரு வருடம் ஆகியும் அவளுக்கு அந்தச் சாலையை விட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தருமபுரி வரை ஓட்டிப்போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவாள். அப்படி ஒருநாள் மொரப்பூர் தாண்டியதும் ரேடியேட்டர் குழாய் பிளந்து தண்ணீரெல்லாம் ஒழுகிவிட்டது. சூடு காட்டும் முள் சிவப்பில் போய் நின்றதை அவள் பார்க்கவில்லை. முன்னாலிருந்து ஆவி கிளம்பி வண்டி தானாக நின்றபோதுதான் தெரிந்தது.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் டேவிட்ராஜ் வந்து இழுத்துப்போனார். பிரித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"மேடம், எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுருச்சுங்க. ரெண்டாவது சிலிண்டருக்கும் மூணாவதுக்கும் நடுவுல. இதை ஒட்ட முடியாது. வேற எஞ்சின்தான் தேடணும்."

"கிடைக்குங்களா?"

"கிடைக்கும். ஆனா இந்த எஞ்சின்லயே நாலஞ்சு வகை வந்துருக்குதுங்க. வெளிய பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

அதற்குப் பிறகு அநேகமாகத் தினமும் போன் வந்தது. சேலத்தில் ஒன்று இருக்கிறது, ஆனால் கார்புரேட்டர் வைத்த பழைய வகை. ஓசூரில் ஒன்று, ஆனால் அது பெரிய காருக்குச் செய்தது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் அதிகம், அதனால் பிளாக் உயரம், பானெட் மூடாது. எழிலரசி கேள்வி கேட்பாள். டேவிட்ராஜும் சலிக்காமல் சொல்வார். நான்கு சிலிண்டரிலும் பெட்ரோல் வரிசையாக வெடிப்பதில்லை, ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று மாறி மாறித்தான் வெடிக்கும். அதனால்தான் வண்டி அதிராமல் ஓடுகிறது என்றார். அலுவலகம் முடிந்து வந்ததும் அவள் போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டு அரிசி களைவாள். எத்தனையோ நாளாகச் சாயங்காலத்தில் அந்த வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் கேட்டதில்லை. சில நாளிலேயே மேடம் போய் அக்கா ஆகிவிட்டது.

கடைசியில் கிருஷ்ணகிரியில், பின்னால் லாரி மோதி நசுங்கிய ஒரு காரிலிருந்து எஞ்சின் கிடைத்தது.

"அதே குடும்பந்தாங்கக்கா. உங்களுது எட்டு வால்வு, இது அடுத்து வந்த பதினாறு வால்வு. வயரிங், எஞ்சினுக்கான கம்ப்யூட்டர் எல்லாத்தையும் அதுலயிருந்தே கழட்டிப் போட்டுர்றேன். இழுவை நல்லாருக்கும்."

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காரை எடுத்து வந்த அன்றே எழிலரசிக்கு ஏதோ உறுத்தியது. கண்ணாடியை ஏற்றினாலும் முன்னாலிருந்து மெல்லிய டிக் டிக் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறு பட்டறைக்குப் போனாள். டேவிட்ராஜ் ஒரு நீளமான இரும்புக் கம்பியை எஞ்சின் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்கக்கா. பழைய எஞ்சின்ல வால்வு இடைவெளியை ஆயிலே சரி பண்ணிக்கும், சத்தமிருக்காது. இதுல நாங்க அளந்து வெக்கறது. இது இப்படித்தான் இருக்கும்."

"பழைய எஞ்சின் எங்கீங்க?"

"அது அப்பவே காயலான் கடைக்குப் போயிருச்சுங்களே."

அவள் தலையாட்டினாள். அம்மா தூங்கியது அந்தப் பழைய எஞ்சின் சத்தத்தில்தான். தாலாட்டு மாதிரி அமைதியான ஒரு முனகல். இனி அது எங்கும் கேட்காது என்பதை டேவிட்ராஜிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுவாரமும் போனாள், ஏசி போட்டால் இழுவை குறைகிறது என்று. அதற்கடுத்த வாரம் கிளட்ச் இறுக்கமாக இருக்கிறது என்று. மூன்றாவது முறை டேவிட்ராஜ் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, சாவியை அவள் கையில் கொடுத்தார்.

"அக்கா, வண்டியில ஒரு குறையும் இல்லைங்க." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உக்காருங்க, டீ சொல்றேன்."

அதற்குள் கர்நாடகப் பதிவெண் வண்டி ஒன்று புகை கக்கிக்கொண்டு உள்ளே வந்தது. அவர் அதன் அடியில் படுத்துக்கொண்டு கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். எழிலரசி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தாள். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய்க் குனிந்து கேட்டாள்.

"அப்ப நான் எப்பங்க வரணும்?"

"ஆயில் மாத்த வந்தாப் போதுங்கக்கா." வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடுனதும் வாங்க."

அலுவலகம் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். தருமபுரிக்கு ஞாயிறு ஒருமுறை வந்து போவதோடு சரி. இப்படி ஓட்டினால் அஞ்சாயிரம் சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அரூருக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவள் திரும்பவில்லை. கிலோமீட்டர் எண் ஏறுவதைப் பார்த்தபடி நெடுஞ்சாலையிலேயே வடக்கே ஓட்டினாள். தருமபுரி பின்னால் போனது. மாந்தோப்புகள் வந்தன. லாரிகள் அவளைத் தாண்டிப் போயின. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி தெரிந்ததும் ஓரமாக நிறுத்தினாள். ஒரு கிழவர் மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூள் தடவி விற்றுக்கொண்டிருந்தார்.

"எங்கீங்கம்மா, பெங்களூருங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றாள் எழிலரசி. ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, வந்த வழியே வண்டியைத் திருப்பினாள்.