ஈஜ்ஜாவின் கூடை

கல் அறுக்கும் இயந்திரத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஹம்மு பாறைகளுக்கு இறங்கி வந்தபோது நாங்கள் சிப்பி பெயர்த்துக்கொண்டிருந்தோம். கடல் வெகுதூரம் உள்வாங்கும் நாள் அது. அன்றுதான் அந்தப் பாறை முழுசாக வெளியே தெரியும் என்று கணக்குப் போட்டவன், ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அன்றைக்கு அங்கேதான் இருப்போம் என்பதை மறந்துவிட்டான். சிப்பியைத் தின்னத் தெரியும். அது எப்படி வீட்டுக்கு வருகிறது என்று எந்த ஆணுக்குத் தெரியும்?

அவன் குறிவைத்து வந்தது ஈஜ்ஜாவின் பாறையை. அதில் கல்லோடு கல்லாக இறுகிப்போன மூன்று விரல் டைனோசர் தடங்கள் வரிசையாகப் போகும். குறுக்கே, இறக்கையை மடக்கிக் கையூன்றி நடந்த பறக்கும் பல்லியின் சின்னத் தடங்கள். அறுத்துக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வதாக அகாதிர் நகரத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஈஜ்ஜா அவனுடைய சொந்த அக்கா. எண்ணெய்க்கொட்டை காய்க்கும் அப்பாவின் ஆர்கான் மரங்களைத் தம்பிகள் பங்கு போட்டபோது அவளுக்கு ஒரு கிளைகூடக் கொடுக்கவில்லை. அம்மா விட்டுப்போன இந்தச் சிப்பிப் பாறை ஒன்றுதான் அவளுடையது. அதையும் இவன் விட்டுவைக்கவில்லை.

ஈஜ்ஜா தன் கூடையைக் கொண்டுவந்து பெரிய தடத்தின்மேல் வைத்தாள். ஒருத்தியின் கூடை இருக்கும் பாறையில் வேறு யாரும் இரும்புக் கருவி வைக்கக் கூடாது என்பது எங்கள் கரையின் வழக்கம்.

"அதெல்லாம் பொம்பளைங்க உங்களுக்குள்ள வச்சிருக்கறது. எனக்கென்னக்கா?" என்றான் ஹம்மு.

"இந்தக் கூடைதான்டா உன்ன வளத்துச்சு. எங்க, தூக்கு பாப்பம்."

"செத்துப்போன மிருகத்தோட காலடிக்கா இவ்வளவு பிடிவாதம்?"

"அது நடந்துதான்டா போச்சு. யார் சொத்தையும் அறுத்துட்டுப் போகல."

அவன் குனிந்து கூடையைத் தொட்டான். நான் என் கூடையை அடுத்த தடத்தில் வைத்தேன். ஃபத்மா தன்னுடையதை வைத்தாள். பிறகு யாரும் கூப்பிடாமலே மற்றவர்களும் வந்தார்கள். பாறையில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று.

"தண்ணி ஏறப்போவுது. எவ்வளவு நேரம் இப்படி நிப்பீங்க?"

"நனையறது எங்களுக்குப் புதுசா?" என்றாள் ஃபத்மா. "உன் மிஷினுக்குத்தான் உப்புத்தண்ணி ஆகாது. பத்திரம்!"

பெண்கள் சிரித்தார்கள். முதல் அலை அவன் செருப்பை நனைத்தது. இயந்திரத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"அடுத்த தடவ கடல் உள்வாங்கறப்ப வருவேன்."

"வா," என்றாள் ஈஜ்ஜா.

கடல் ஏறும்போது கூடையை எடுத்துவிட வேண்டும் என்பதும் வழக்கம்தான். அவள் எடுக்கவில்லை. சிப்பிகளை முந்தானையில் கொட்டிக்கொண்டு, அலை இழுத்துப்போகாதபடி கூடை நிறையக் கல்லை அடுக்கினாள். நாங்களும் கல் தேடினோம்.

கரையேறித் திரும்பிப் பார்த்தேன். தடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பி மறைந்துகொண்டிருந்தன. அவற்றின்மேல் எங்கள் கூடைகளின் கைப்பிடிகள் மட்டும் தண்ணீருக்கு வெளியே வரிசையாக நின்றன.