பேசாத பலகைக்குத் தொண்ணூற்றாறு மார்க்

"ஒரு வருஷம் கேரண்டின்னு அடிச்சுச் சொல்லி வித்தீங்களே, இப்ப இது வாயே திறக்க மாட்டேங்குது! விக்கும்போது இருந்த வாய் இப்ப எங்க போச்சு, உங்களுக்கும் இதுக்கும்?"

"அம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. கடையில நாலு பேர் நிக்கறாங்க."

"நாப்பது பேர் நிக்கட்டும்! எல்லாரும் கேக்கட்டும்!"

கேட்டோம். பேட்டரி வாங்க வந்தவர்கள் மூன்று பேர். பேட்டரி வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு நின்றவர்கள் ஆறு பேர். பொம்மை விற்பதும் பழுது பார்ப்பதும் கடைக்காரரின் தொழில். தெருவுக்கு அவர் பேட்டரி மாமா. யார் கத்தினாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கத்தியவள் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்காரி. கூரியர் அலுவலகத்தில் வேலை. நாங்கள் வைத்திருந்த பெயர் மார்க் அம்மா. அவள் காதுபட ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த மட்டுக்கு எங்களிடம் நாகரிகம் உண்டு. பெயர் வரக் காரணம் மேசைமேல் கிடந்த அந்தப் பேசும் பலகைதான். இருபத்து நான்கு படங்கள், ஒவ்வொன்றும் அமுக்கினால் உள்ளே போகும் பெரிய பொத்தான். "யானை எங்கே?" என்று பலகை கேட்கும். பிள்ளை யானையை அமுக்கினால் நட்சத்திரம். நாள் முழுக்கச் சேர்ந்த நட்சத்திரங்கள் மார்க்காக மாறி, மாலையில் அம்மாவின் ஃபோனுக்கு வந்துவிடும்.

ஃபோனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது அங்கிருந்து கட்டடத்து வாட்ஸ்அப் குழுவுக்கும் வரும். "பாப்பாவுக்கு இன்னைக்கு 94." "இன்னைக்கு 96." கீழ்வீட்டு இரட்டைப் பிள்ளைகளின் அம்மா குழுவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, படியிறங்கி வந்து எங்களிடம் பல்லைக் கடிப்பாள்.

பாப்பாவுக்கு மூன்றரை வயது. துறுதுறுப்பு. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள், குலுங்கக் குலுங்கச் சிரிப்பாள். வார்த்தை மட்டும் வராது. யாராவது வாயெடுத்தால் மார்க் அம்மாவிடம் பதில் தயாராக இருக்கும்: "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாராம். பேச்சுல என்னங்க இருக்கு, மூளை வேலை செய்யுதா இல்லையா?" தொண்ணூற்றாறு வாங்குகிற பிள்ளையிடம் நாங்கள் என்ன குறை காண்பது? வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவோம். அதுவே எங்களுக்குப் பெரிய தண்டனை.

பேட்டரி மாமா பலகையைக் கவிழ்த்து, ஆறு திருகாணிகளைக் கழற்றி, மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு ஒயரை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை நாளா சத்தம் வரலைம்மா?"

மார்க் அம்மா விரலை மடக்கி நாள் எண்ணப் பார்த்தாள். காலை எட்டு மணிக்குப் போய் இரவு ஏழு மணிக்கு வருகிறவள். வரும்போது பலகை அலமாரி மேல் சார்ஜில் இருக்கும். விடுமுறை நாளிலும் அது அங்கேதான் இருக்கும். அன்றைக்குப் பள்ளிச் சேர்க்கைக்காக ஒரு வீடியோ எடுக்கலாம் என்று அவளே இறக்கி வைத்தபோதுதான் பலகை ஊமையாக இருப்பது தெரிந்தது.

"இன்னைக்குத்தான்... இன்னைக்குத்தான் பாத்தேன்."

"இங்க பாருங்க. ஸ்பீக்கருக்குப் போற ஒயர். இது அறுந்து போகலைம்மா, யாரோ அறுத்திருக்காங்க. ரெண்டு முனையிலயும் அழகா டேப் சுத்தியிருக்கு. ஓரமெல்லாம் அழுக்கு ஏறிப் போச்சு. இது இன்னைக்கு நேத்து நடந்த வேலை இல்ல. இந்த மஞ்சப் பட்டை டேப்பை நான் விக்கறதுமில்ல. லிஃப்ட் வேலை பாக்கறவங்க வச்சிருப்பாங்க."

மார்க் அம்மாவின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கடையில் இருந்த ஒன்பது பேருக்கும் அது தெரியும். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தோம்.

ஆனால் அவள் மனம் வேறெங்கோ போயிருந்தது. "இருங்க. நேத்துகூட 96 வந்துச்சே? கேள்வியே கேக்காம எப்படி மார்க் போடும்?"

"கேள்வி கேட்டு மூணு எண்றதுக்குள்ள அமுக்கலைன்னா, சரியான படத்தைச் சுத்திப் பச்சை விளக்கு மினுக்கும்மா. கத்துக்கற பிள்ளைக்கு ஒரு உதவி. விளக்கைப் பாத்து அமுக்கினாலும் நட்சத்திரம் விழும்."

"அப்ப பாப்பா விளக்கைப் பாத்துத்தான்..."

பேட்டரி மாமாவின் கண் அப்போது அம்மாவோடு வந்திருந்த பாப்பாவிடம் போனது. அம்மா வந்ததிலிருந்து கடை அதிரக் கத்துகிறாள். பிள்ளையோ முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு காரின் சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அவர் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு ஆம்புலன்ஸ் பொம்மையை எடுத்து, விளக்கைக் கையால் மூடிக்கொண்டு, பிள்ளையின் பின்னால் நின்று அமுக்கினார். ஊளை கிளம்பியது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. பாப்பா சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் முன்னால் போய்க் கையை எடுத்தார். சிவப்பு விளக்கு சுழன்றதும் பாப்பா கலகலவென்று சிரித்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நான் டாக்டர் இல்லைம்மா," என்றார் அவர். "ஆனா காது பாக்கற டாக்டர்கிட்ட நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. பொம்மை அது பாட்டுக்குச் சொல்லிக் கொடுக்கும். பிள்ளையோட முகத்தைப் பாக்கறது மனுஷங்க வேலை."

மார்க் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள், திறந்து கிடந்த பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள், நடந்தாள்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிப் படிக்கட்டு அன்று மாலை பளபளவென்று இருந்தது. ஒருத்தி கைப்பிடியைத் துடைத்தாள். ஒருத்தி தொலைந்தே போகாத சாவியைத் தேடினாள். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா காரணம் எதுவும் தேடாமல் நேராக வந்து உட்கார்ந்தாள். மேலே கதவு திறந்தே இருந்தது. திறந்த கதவைக் கேட்காமல் போவது எங்கள் கட்டடத்தின் வழக்கமில்லை.

வீட்டில் கணவன் இருந்தான். அவன் தங்கையும் இருந்தாள். தங்கைக்கு நாங்கள் வைத்த பெயர் ஹெட்போன். வீட்டிலிருந்தபடியே ஃபோனில் வாடிக்கையாளர் புகார் கேட்கும் வேலை. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு நாளைக்கு நூறு முறை வருந்துவாள். பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

"இந்த டேப் உங்க டூல் பாக்ஸ்ல இருக்கறதுதானே?"

கணவன் மறைக்கவில்லை. "ஆமா, நான்தான் வெட்டினேன். இவ கால் பேசும்போதெல்லாம் பின்னாடி 'யானை எங்கே, யானை எங்கே'ன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு ஆளு, 'என் ஃப்ரிட்ஜ் ஓடலைன்னு சொல்றேன், நீ அங்க யானை தேடறியா'ன்னு கேட்டு மேலிடத்துக்குப் புகார் எழுதிட்டான். வேலை போயிடும்னு அழுதா. அதான்."

படிக்கட்டில் நாங்கள் சிரித்துவிட்டோம். பொய் சொல்வானேன்.

"எப்ப வெட்டினீங்க?"

"எட்டு மாசம் இருக்கும்."

"எட்டு மாசமா சத்தம் இல்ல. எட்டு மாசமா பாப்பா தினமும் மார்க் வாங்கறா. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குமா ஒண்ணும் தோணல?"

ஹெட்போன் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "தோணுச்சு அண்ணி."

"என்ன?"

"நாலு மாசம் முன்னாடி மேல் தட்டுல இருந்து பெரிய சட்டி விழுந்துச்சு. பாப்பாவுக்குப் பின்னாடியே. கீழ்வீட்டு அக்கா பயந்து ஓடி வந்தாங்க. இவ திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறம் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தேன், கை தட்டிப் பாத்தேன்... அன்னைக்கே அண்ணன்கிட்ட சொல்லிட்டேன் அண்ணி. மறைக்கணும்னு நான் நினைக்கல."

இரட்டைப் பிள்ளைகளின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் சட்டிச் சத்தத்துக்கு ஓடியவள் அவள்தான். அதற்குமேல் யாரும் கைப்பிடியைத் துடைக்கவில்லை.

இரண்டு மாடி கீழே நின்றபடியே மோட்டார் சத்தத்தை வைத்து எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவன் அந்த லிஃப்ட் மெக்கானிக். மனைவி எதிரே நின்று கேட்டபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உங்ககிட்ட சொன்னாளா?"

"கல்யாணம் முடியட்டும்னு நினைச்சேன்."

"எது முடியட்டும்னு?"

"பொண்ணு வீட்டுல செவிட்டுப் பிள்ளை இருக்கு, பரம்பரையா வருமோன்னு மாப்பிள்ளை வீட்டுல பேசிட்டாங்கன்னா? அவளுக்கு இது மூணாவது இடம். நாலஞ்சு மாசம்தானே, அப்புறம் கூட்டிட்டுப் போகலாம்னு..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்ப. ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

"ஆமா. ஓடியிருப்பேன்."

அவள் கத்துவாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். கடையில் அவ்வளவு கத்தியவள். இங்கே குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசி வார்த்தைகளுக்காக நாங்கள் இரண்டு படி மேலே ஏற வேண்டியிருந்தது.

"தினம் ராத்திரி என் ஃபோனை வாங்கி மார்க்கைப் பாத்தீங்களே. 'எம் பொண்ணு கெட்டிக்காரி'ன்னு சொன்னீங்களே. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னீங்களா?"

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாளே அவள் பாப்பாவை டாக்டரிடம் கொண்டுபோனாள். இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு. மெஷின் வைத்துப் பேச்சுப் பயிற்சி கொடுத்தால் நன்றாகப் பேச வாய்ப்பு உண்டு என்றார். கூடவே ஒன்று கேட்டார்: "சந்தேகம் எப்ப வந்தது?" நேற்று என்பதா, நாலு மாதம் என்பதா என்று தெரியாமல் அவள் நின்றாளாம். "இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் முக்கியம்மா. சந்தேகம் வந்த அன்னைக்கே வந்திருக்கணும்," என்றாராம் டாக்டர்.

செய்தி மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். செய்திக்குக் கால் உண்டு. சில சமயம் அது எங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டும் போகும். மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா வந்து இறங்கினாள். கல்யாணம் நின்றது என்றே நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். இந்தத் தடவை படியில் இடம் போதவில்லை.

அந்தம்மா உள்ளே போனதும் பாப்பாவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "இதுக்கா பயந்தீங்க? என் மூத்த மருமகன் காதுல மெஷின் மாட்டிக்கிட்டுத்தான் பதினஞ்சு வருஷமா அச்சகம் நடத்தறார். கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சதே அவர்தான். எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நல்ல டாக்டர் யாருன்னு அவரே சொல்லியிருப்பாரே!"

கணவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நாலு மாதமாக அவன் பொத்திப் பொத்தி வைத்த ரகசியத்துக்கு வெளியே ஒரு விலையும் இல்லை.

மார்க் அம்மா அப்போதுதான் பேசினாள். அவனைப் பார்த்துப் பேசவில்லை; எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். வாசலில் நின்ற எங்களுக்கும் சேர்த்துத்தான் என்று பட்டது.

"எம் மேலயும் தப்பு இருக்கு. ஃபோன்ல வந்த மார்க்கைத்தான் பாத்தேன். பின்னாடி நின்னு பாப்பான்னு ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கல. ஆனா எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இதே வீட்டுல, எங்கூட உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தாங்க. பிள்ளைக்கு ஒரு குறைன்னா அதை மறைச்சுக் குடும்ப மானத்தைக் காப்பாத்த முடியாது. மறைக்கற ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளையோட நாள்லதான் குறையும். மானம் போனா திரும்பி வரும். அந்த நாலு மாசத்தை எம் பொண்ணுக்கு யார் கொண்டுவந்து தருவாங்க?"

ஹெட்போன் அழுதாள். அந்த வாரமே எங்கள் கட்டடத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைக் காது சோதனைக்குக் கூட்டிப்போனார்கள். இரட்டைப் பிள்ளைகளின் அம்மாதான் முதல் ஆள்.

ஹெட்போனின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. வேலையை விட்டுவிட்டு இப்போது மூத்த மருமகனின் அச்சகத்தில் கணக்குப் பார்க்கிறாளாம். அண்ணி அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பே மூன்று பெட்டிகளுடன் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு, பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோய்விட்டாள். மூன்றாம் மாடியில் லிஃப்ட் மெக்கானிக் தனியாகத்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே போகிறான். காதில் மெஷின் மாட்டியிருக்கும் பாப்பா அவனைக் கண்டதும் "பா" என்கிறாளாம். அம்மா கதவைத் திறந்துவிடுகிறாள். "வாங்க" என்று இன்னும் சொல்வதில்லை.